கால் கடுக்க நின்றவர்களும் கண்டுகொள்ளாத நாமும்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்றது. கடையில் வேலை பார்க்கிறவர்கள் வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு முதலாளி இருக்கை போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான். நாற்காலிக்காக எத்தனையோ சண்டை நடந்த மன்றம் அது. அடுத்தவர் உட்காரட்டும் என்று அங்கே நாற்காலி கேட்டது அபூர்வம்.

கேரளம் இதே திருத்தத்தை 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜியின் ‘பெண்கூட்டு’ வருடக்கணக்கில் தெருவில் நின்று போராடியதன் பலன் அது. இங்கிலாந்திலோ 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதற்கும் நம் சட்டத்துக்கும் நடுவே 122 வருடம். அந்த 122 வருடமும் நாம் கடைக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். எடுத்துப் போட்டவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று கேட்கவில்லை.

இந்த ‘நாம்’ என்பதில் முதலாளி மட்டும் இல்லை. வாடிக்கையாளரான நாம் இருக்கிறோம். அப்பாவையும் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போன நாம், சீட்டு எழுதிக் கொடுத்த நாம், பத்திரிகையில் மருத்துவப் பக்கத்தை நிரப்பிய நாம், எல்லோரும் இருக்கிறோம். மாரடைப்பைப் பற்றி எழுதிக் குவித்தோம். இதயத்திலிருந்து வெகுதூரம் ஓடி, புவியீர்ப்பை எதிர்த்துத் திரும்பி வர வேண்டிய ரத்தத்தைப் பற்றி எழுதியது சொற்பம். கால் விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற மறுக்கத் தகுதியுள்ளவர் நம்மில் யாருமில்லை.

கடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். தி.நகர் ரங்கநாதன் தெரு, மதுரை விளக்குத்தூண், திருச்சி என்.எஸ்.பி. ரோடு, கோவை ஒப்பணக்கார வீதி, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நமக்கு நாற்காலி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, சில கடைகளில் காபியும் உண்டு. “இந்தக் கலர்ல இன்னும் ரெண்டு டிசைன் எடுங்கம்மா” என்கிறோம். அந்தப் பெண் ஏணியில் ஏறி இறங்கி எடுத்துப் போடுகிறாள். ஒரு மணி நேரம் கழித்து, “வேற கடையும் பாத்துட்டு வந்துடறோம்” என்று எழுந்து போகிறோம். பேரம் பேசுவதும் பொறுமையாகத் தேர்ந்தெடுப்பதும் நம் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் நம்மைப்போல் முப்பது குடும்பம் வந்து போகும் நாளில் அவள் நிற்கும் நேரத்தை நாம் கூட்டிப் பார்த்ததே இல்லை.

வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று ஒரு சாக்கு உண்டு. இது பழைய வழக்கமும் அல்ல. முன்பெல்லாம் ஜவுளிக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்காருவார், நாமும் உட்காருவோம். புடவை நடுவில் விரியும். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றைக்கும் அப்படித்தான். கண்ணாடி மேசையும் நீளக் கவுன்ட்டரும் வந்தபோது, ஒரு பக்கம் நாற்காலி வந்தது, மறுபக்கம் வரவில்லை. யாருக்கும் அது உறுத்தவில்லை. 2010இல் வசந்தபாலன் இயக்கி ஜெயமோகன் வசனம் எழுதிய ‘அங்காடித் தெரு’ வந்தபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. தியேட்டரில் கண்கலங்கினோம். அந்த வருடத் தீபாவளிக்கும் அதே தெருவில்தான் துணி எடுத்தோம்.

நிற்பதில் என்ன வந்துவிடும் என்பதை அறியாமல் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளுக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. ஆடுசதை சுருங்கும்போது சிரை பிழியப்பட்டு ரத்தம் மேலே ஏறும். சதை தளரும்போது வால்வு மூடிக்கொண்டு கீழே இறங்கவிடாமல் தடுக்கும். ஆடுசதையை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அசையாமல் நிற்பவரின் பாதத்துச் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். அதாவது நடப்பது காலுக்கு நல்லது. ஒரே இடத்தில் நிற்பதுதான் பகை.

இந்த வால்வுகளை 1603இல் புத்தகமாக எழுதிப் படம் போட்டுக் காட்டியவர் இத்தாலியின் படுவா நகரத்துப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ். படம் துல்லியம், விளக்கம் தவறு. ரத்தம் மொத்தமும் கீழே வந்து தேங்கிவிடாமல் தடுப்பதற்கு இவை என்று அவர் நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628இல்தான் சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே ஓடுகிறது, வால்வு அதற்காகவே இருக்கிறது என்று நிறுவினார். ஃபாப்ரிசியஸுக்காவது பார்த்தும் புரியவில்லை என்று சொல்லலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

வால்வு பழுதானால் ரத்தம் கீழே தேங்கும், சிரை புடைத்துச் சுருளும். “கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு” என்று ஊரில் சொல்வார்கள், டாக்டர் வெரிகோஸ் என்பார். அது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் சாயங்காலம் கால் கனக்கும். காலையில் தளர்வாக இருந்த கொலுசு இரவில் இறுக்கும். கணுக்காலைச் சுற்றி அரிப்பு வரும், தோல் பழுப்பாகும், பிறகு தடித்துக் கெட்டியாகும். கடைசியில் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே, கொசு கடித்துச் சொறிந்த இடத்தில் ஒரு சின்னப் புண் வரும், ஆறாது. கொலுசுக்கும் புண்ணுக்கும் நடுவே பல வருடம் ஓடியிருக்கும். அந்தப் பல வருடமும் அந்தக் கால் நம் வீட்டிலேயே நடமாடியது.

பெண்களின் காலென்றால் இன்னும் மோசம். கர்ப்பத்தில் சிரைகளின் சுமை கூடும். முதல் பிள்ளைக்குத் தலைகாட்டியது இரண்டாவதுக்குத் தடித்துவிடும். “உன்னைச் சுமந்தப்ப வந்ததுடா” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை ஒரு தழும்பின் கதைபோலக் கேட்டுவிட்டு நாமும் சிரித்தோம். புடவை கணுக்கால் வரைக்கும் மறைத்தது. எஞ்சியதை அவளுடைய பொறுமை மறைத்தது. அடுப்படியில் அவள் நின்ற மணிக்கணக்கு எந்தச் சட்டத்திலும் வராது. புரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சலூன்காரர், போக்குவரத்துப் போலீஸ், கல்யாண மண்டபத்தில் விடிய விடிய அண்டாவுக்கு முன்னால் நிற்கும் சமையல்காரர், பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவர், அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி, இவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் வருகிறது. டென்மார்க்கில் வேலை செய்யும் வயதுக்காரர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்த ஓர் ஆய்வு 2005இல் வந்தது. அந்த வயதில் வெரிகோஸுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வேலையில் நிற்பதால் வந்தது என்றது அது. இங்கே பரம்பரை என்போம், உடல்வாகு என்போம், ஜாதகம்கூடப் பார்ப்போம். வேலையை மட்டும் சொல்ல மாட்டோம்.

சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் துணி மூட்டை இருக்கிறது. ஸ்டூல் போடுவது சுலபம், உட்கார்ந்தவரைப் பார்த்து மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமல் இருப்பதுதான் கடினம். இதைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வர வேண்டியதில்லை. நாம் போனபோது, “கொஞ்சம் உக்காந்துக்கங்கம்மா, நாங்க பொறுமையாப் பாக்கறோம்” என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் சொன்னோம்?

புண் வந்த பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மருத்துவத்தின் பக்கமும் கறை உண்டு. சிரைப் புண்ணை ஆற்றுவது களிம்பு அல்ல, அழுத்தம். பாதத்திலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காகச் சுற்றும் அழுத்தக் கட்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பதும்தான் அடிப்படை வைத்தியம். ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா துத்தநாகப் பசை தடவிய கட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்துவிட்டார். நாம் என்ன செய்தோம்? காட்டன் பஞ்சு, மஞ்சள் மருந்து, பிளாஸ்டர், ஐந்து நாள் ஆன்டிபயாடிக். ஆறவில்லையா, வேறு ஆன்டிபயாடிக். புண்ணைச் சுரண்டி பரிசோதனைக்கு அனுப்பினால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும், ஆறாத எந்தப் புண்ணிலும் வளரும். காய்ச்சலும் சீழும் சுற்றுச்சிவப்பும் இல்லாத புண்ணுக்கு அந்த மாத்திரைகளால் பிரயோஜனம் இல்லை. நோயாளி மாதக்கணக்கில் பஸ் ஏறி டிரஸ்ஸிங்குக்கு வந்தார். கட்டு மாறியது, காரணம் மாறவில்லை.

கசிகிற சிரையைச் சரிசெய்யாமல் புண்ணை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும் என்பதற்குக் கணக்கே உண்டு. 2004இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில், அழுத்தக் கட்டோடு சிரை அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வருடத்தில் 12 சதவீதம் பேருக்கே புண் மறுபடி வந்தது. கட்டு மட்டும் போட்டவர்களுக்கு 28 சதவீதம். 2018இல் அங்கிருந்தே இன்னோர் ஆய்வு வந்தது. லேசர் போன்ற முறையில் சிரையை முன்கூட்டியே அடைத்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. அதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது. இப்போது லேசரும் ரேடியோ அலையும் நுரை ஊசியும் நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டன. காலையில் போய் மாலையில் நடந்தே வீடு திரும்பலாம். ஆனால் நம் காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான் பேசும். அழுத்தக் காலுறைக்கும் வாராவாரம் மாற்றும் கட்டுக்கும் வாய் திறக்காது. துணிக்கடைப் பெண் அந்தக் காலுறையைக் கைக்காசில் வாங்க வேண்டும். வாங்கினாலும் ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். போட்டுப் பார்க்காத நாம்தான், “சொன்னா கேக்கறதே இல்ல” என்று அவளைக் குறைசொல்கிறோம்.

இதில் ஓர் எச்சரிக்கை. எல்லாப் புண்ணுக்கும் இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. ரத்தம் மேலே திரும்பாத கால் ஒன்று, கீழே வந்தே சேராத கால் இன்னொன்று. இரண்டாவது காலில் இறுக்கக் கட்டினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். நம் அலட்சியத்தின் பெரிய கணக்கு இந்த இரண்டாவது காலில்தான் இருக்கிறது.

தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகினால், உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடந்தால் ஆடுசதைக்கு ரத்தம் போதாது, வலிக்கும். நின்றால் சில நிமிடத்தில் வலி போய்விடும். திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வரும். அப்பா கோயில் வரைக்கும் ஒரே மூச்சில் போனவர், இப்போது பால் பூத்தில் ஒரு தடவை, பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவை நின்றார். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, சுவரொட்டி படிப்பதுபோல் நின்றார். “மூட்டுத் தேஞ்சிருக்கும்பா, வயசாகுதில்ல” என்றோம். மூட்டுவலி எழுந்து நிற்கும்போதே பிடிக்கும். முதுகெலும்பு நரம்பு நெருக்கத்தில் வரும் கால்வலிக்குக் குனியவோ உட்காரவோ வேண்டும். வெறுமனே நின்றாலே அடங்குகிற வலி ரத்தக்குழாயைக் காட்டுகிறது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், அவரோடு கூட நடந்திருந்தால் போதும். நாம் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். வசதி செய்துகொடுத்த திருப்தி வேறு.

அடுத்த கட்டத்தில் ராத்திரி தூக்கம் போனது. படுத்தால் பாதம் எரிந்தது. எழுந்து கட்டிலின் ஓரம் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் வலி குறைந்தது, புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழே இறக்கியதால். தொங்கும்போது பாதம் சிவக்கும், உயர்த்தினால் வெளுக்கும். முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் பளபளக்கும். அவர் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்ததை வயோதிகத்தின் விசித்திரம் என்று எடுத்துக்கொண்டோம். வலி எண்ணெய் வாங்கித் தந்தோம். பொருட்காட்சியில் ‘ரத்த ஓட்டம் சீராக’ என்று எழுதியிருந்த அதிர்வு மெஷினில் கால் வைக்கச் சொல்லி வரிசையில் நிறுத்தினோம். முள்முள்ளாய்க் குமிழ் வைத்த பிளாஸ்டிக் செருப்பும் வாங்கித் தந்தோம். உணர்ச்சி மரத்த காலுக்கு அதைவிட ஆபத்தான செருப்பு கிடையாது.

இத்தனைக்கும் ஆரம்பப் பரிசோதனை இரண்டு விரலால் நடப்பது. புறங்காலில் ஒரு நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. இரண்டையும் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் பிடிக்குமா? சந்தேகம் வந்தால் கையடக்க டாப்ளர் கருவி வைத்துக் கணுக்கால் ரத்த அழுத்தத்தை எடுத்து, கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே என்றால் தமனியில் அடைப்பு. சர்க்கரைக்காரர்களிடம் தமனி சுண்ணாம்பேறி இறுகியிருப்பதால் இந்தக் கணக்கு 1.4க்கு மேல்கூடக் காட்டி ஏமாற்றும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்கள், நோயாளி ஷூவையும் சாக்ஸையும் கழற்றுவதற்குள் நேரம் போய்விடுகிறது என்று புலம்புவதுண்டு. நம் ஊரில் நோயாளி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து உட்காருகிறார். பாதி வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பார்வை மேசைக்குக் கீழே இறங்குவதில்லை. சர்க்கரை அளவு எழுதிய காகிதம் மேசைக்கு மேலே இருக்கிறதே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் இரண்டிரண்டு கால். நீரிழிவு நரம்பையும் மரக்கச் செய்யும், தமனியையும் அடைக்கும். அடைப்பு முற்றினாலும் நடக்கையில் வலிக்க வேண்டிய கால் வலிக்காது. முதல் அறிகுறியே புண்ணாக இருக்கும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல், காலுக்கு ஒத்தடம் கொடுத்த வெந்நீர்ப் பை, ஆணிக்கு ஒட்டிய பிளாஸ்டர், நகம் வெட்டிய பிளேடு, புதுச் செருப்பின் வார், எது வேண்டுமானாலும் ஆரம்பமாகலாம். பாதத்தில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற, மாப்பிள்ளைக்குக் கால் கழுவுகிற ஊர் இது. தலைவர்கள் காலில் விழுவதை விட்டுத்தள்ளுங்கள். அறுபதாம் கல்யாணத்தில் வரிசையாய் விழுந்து கும்பிட்ட நாற்பது பேரில் ஒருவர்கூட அந்தக் காலின் சுண்டுவிரல் கறுத்திருப்பதைச் சொல்லவில்லை.

உணர்வற்ற பாதத்தைக் காப்பாற்றும் அறிவு எங்கோ தூரத்தில் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவைச் சிகிச்சையாளர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் அதே இடத்தில் மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டறிந்தார். அதற்காக மெத்தென்ற நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு வேலூரிலும் அருகிலிருந்த கரிகிரியிலும் உருவானது. 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இதே பாடத்தை நீரிழிவுப் பாதங்களுக்கும் பொருத்தினார். வட ஆற்காட்டுக் கால்களிடம் கற்ற பாடம் அமெரிக்கக் கால்களைக் காப்பாற்றியது. இங்கே நாம் அந்த எம்.சி.ஆர். செருப்பைப் போட வெட்கப்பட்டோம். “அது அந்த நோய்க்காரங்க போடறதில்ல?” என்று கேட்டு, கல்யாணத்துக்குப் பொருந்துகிற செருப்பை வாங்கினோம்.

பீடியையும் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதுகூட ஆகாத ஆண்களின் கை கால் விரல்களைக் கறுக்கச் செய்யும் ரத்தக்குழாய் நோயை 1908இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்ஜர் விரிவாக எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நின்றுவிட்டது. புகையிலை இல்லாமல் இந்த நோய் இல்லை. அடியோடு நிறுத்தினால் பெரும்பாலும் கால் தப்பும். நாளைக்கு இரண்டே இரண்டு என்று பேரம் பேசினால் தப்பாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களின் கூலிக்காகப் பேசினோம், பேச வேண்டியதுதான். சுற்றியதைப் பிடித்தவனின் விரலைப் பற்றி அதே மூச்சில் பேசியிருக்க வேண்டாமா? நாள்முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து சுற்றியவளின் காலைப் பற்றியும் பேசவில்லை.

அவசரங்கள் இரண்டு. பிரசவத்துக்குப் பிறகோ, மாவுக்கட்டுக்குப் பிறகோ, நீண்ட பயணத்துக்குப் பிறகோ ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால், அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றைக்கே டாப்ளர் பார்த்து, உறைதலைத் தடுக்கும் மருந்து தொடங்க வேண்டும். நாம் எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டோம். உருவிய கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடலாம். மற்றொன்று, திடீரென்று கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலிப்பது. தமனியில் கட்டி வந்து அடைத்தால் சதைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம். 1963இல் தாமஸ் ஃபோகர்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்து எடுத்துவிட முடியும், நேரத்துக்குப் போனால். “விடியட்டும், பாத்துக்கலாம்” என்று நாம் கழித்த ராத்திரியில் அந்த ஆறு மணி நேரமும் அடங்கிவிட்டது.

மெதுவாக அடைத்த தமனிக்கும் வழியில்லாமல் இல்லை. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 82 வயது மூதாட்டி ஒருவர் காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் தொடைத் தமனிக்குள் குழாய் விட்டு அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது. ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்தது இதயத்தில் அல்ல, காலில். பின்னால் இதயத்துக்குப் போய்ப் பெயர் வாங்கியது. இன்று இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவரைத் தெருவுக்கு ஒருவர் தெரியும். காலுக்கும் அதைச் செய்யலாம், அவருடைய சொந்தச் சிரையையே எடுத்து பைபாஸும் போடலாம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஆரம்ப நிலையில் அதுகூட வேண்டாம். புகையிலையை விட்டு, கொழுப்புக்கும் ரத்தம் உறையாமைக்குமான மாத்திரையோடு, வாரத்தில் மூன்று நாளாவது முப்பது, நாற்பத்தைந்து நிமிடம், வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடந்தால் மூன்று மாதத்தில் வலியில்லாத தூரம் நீளும். எந்த மருந்துக்கடையிலும் விற்காத வைத்தியம் என்பதால் யாரும் விளம்பரம் செய்யவில்லை. விளம்பரம் இல்லாததைப் பத்திரிகைக்காரர்களான நாங்களும் எழுதவில்லை.

எனவே கால் போகிறது. நாடி பார்க்காமல் விரலை மட்டும் வெட்டினால் அந்தக் காயத்துக்கும் ரத்தம் வராது, ஆறாது. அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே, அப்புறம் மேலே என்று தவணை முறையில் கட்டுகிறோம். முழங்கால் மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடப்பது ஓரளவு எளிது, முழங்காலும் போனால் நடக்கவே பெரும் உழைப்பு வேண்டும். பெரிய அளவில் கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. புற்றுநோய்க்குப் பயப்படும் அளவுக்கு இதற்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுவாசலுக்கே வருகின்றன. ‘பாதம் பாதுகாப்போம்’ என்று நீரிழிவுப் பாதத்துக்கென்றே அரசு ஒரு திட்டமும் வைத்திருக்கிறது. வாசலுக்கு வரும் அந்தப் பெண் ஊழியரிடம் மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறோம். “இவர் காலையும் ஒரு தடவை பாருங்கம்மா” என்று கேட்பதில்லை.

ஒரு கால் எடுக்கப்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நலம் விசாரிக்கப் போகிறோம். கையில் ஆப்பிளும் சத்துமாவு பாட்டிலும், அவர் சர்க்கரைக்காரர் என்பது தெரிந்தும். எடுத்த காலைப் பற்றியே பேசிவிட்டு வருகிறோம். அவருடைய மற்றக் காலில் ஓடுவதும் அதே சர்க்கரை, அதே தமனி. இனி முழு உடம்பின் பாரமும் அதன்மேல். அந்தக் காலுக்கு டாப்ளர் எடுத்தார்களா என்று இதுவரை கேட்டதில்லை.